சிவப்பு நூல் கட்டிய ஒயர்

"ஒருத்தராவது ஒயரை மாத்திப் பாத்துட்டு வந்திருக்காங்களா? ஒருத்தராவது?"

வந்தவர் கடைக்குள் ஒரு காலைத்தான் வைத்திருப்பார். கையில் இருப்பதைத் துண்டில் சுற்றி, பிறந்த குழந்தையைத் தூக்கி வருவது போல இரண்டு கையாலும் ஏந்தியிருப்பார். "கம்ப்யூட்டர் இதைக் கண்டுக்கவே மாட்டேங்குது" என்று அவர் ஆரம்பிப்பதற்குள் ஒயரக்கா கூரையைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்டு முடித்துவிடுவார். கேள்வி வந்தவருக்கு அல்ல, கூரைக்கும் அல்ல. பதினோரு வருடமாக ஒயரை மாற்றிப் பார்க்காமலேயே வந்து நிற்கும் மொத்த மனித குலத்துக்கு.

வீட்டிலும் அதே பாட்டுதான். இஸ்திரிப் பெட்டி சூடாகாவிட்டாலும், டிவியில் படம் வராவிட்டாலும் கணவரைப் பார்த்து, "ஒயரை மாத்திப் பாத்தீங்களா?" ஒரு நாள் அவர் காய்ச்சலில் படுத்துக்கொண்டு உடம்பு சரியில்லை என்றபோதுகூட அக்காவின் வாய் "ஒய" என்று ஆரம்பித்து நின்றதாம். அவர் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார். ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் அக்காவே ஒயரில் தடுக்கி விழுவார், அன்றைக்குப் பேசிக்கொள்கிறேன் என்று காத்திருக்கும் மனிதர்.

கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத ஹார்ட் டிஸ்க்குகளைக் கண்டுகொள்ள வைப்பதுதான் அக்காவின் தொழில். தையல் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், பீரோ அகலத்தில் கடை. தையல் கடைப் பக்கச் சுவர் வாசல்வரை வராமல் பாதியிலேயே நின்றுவிடும். மேசைக்கு அடியில் இரண்டு கம்ப்யூட்டர். உருளும் நாற்காலி ஒன்று. அதன் ஐந்து சக்கரங்களில் ஒன்று சுற்றாது. தரையைப் பிறாண்டிக்கொண்டு, கீழே கிடக்கும் ஒயர்கள் மேலெல்லாம் ஏறி இறங்கும். "அந்தச் சக்கரத்தை மாத்தித் தொலையேம்மா" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தையல்காரர் வாரம் ஒரு தடவை குரல் கொடுப்பார். "மாத்தணும்ணே" என்பார் அக்கா. ஊரையெல்லாம் ஒயர் மாற்றச் சொல்பவருக்குச் சக்கரம் மாற்ற நேரமில்லை.

கேள்வி முடிந்தால் விசாரணை. கீழே விழுந்ததா என்று கேட்பார். விழவே இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அக்கா டிஸ்க்கைத் திருப்பி, நசுங்கிய மூலையில் விரலை வைப்பார். "அப்போ இது தானா எறங்கிப் போயி தரையில படுத்துக்கிச்சா?" வந்தவர் தரையைப் பார்ப்பார். பிறகு உண்மை தவணை தவணையாக வரும். லேசாகத்தான் விழுந்தது. மேசையிலிருந்துதான். பூனைதான் தள்ளிவிட்டது.

அடுத்தது காது. டிஸ்க்கை ஒயரில் சொருகிக் காதோடு ஒட்டிக்கொள்வார். பக்கத்து வீட்டுச் சண்டையைச் சுவர் வழியாகக் கேட்பவரின் முகம் அப்போது அவருக்கு வரும். ஒரு புருவம் மட்டும் மேலே ஏறும். நல்ல டிஸ்க் 'உய்ய்ய்' என்று ஒரே சீராகப் பாடும். கெட்டது 'டிக், டிக், டொக்' என்று செருமும். அந்த 'டொக்'கை அக்கா தொண்டையாலேயே போட்டுக் காட்டுவார். கேட்பவருக்குத் தன் நெஞ்சுக்குள்தான் ஏதோ கழன்றுவிட்டது போலிருக்கும்.

கீபோர்டில் என்டர் பொத்தானின் மேல் ஒரு ஊறுகாய் பாட்டில் மூடி கவிழ்ந்திருக்கும். புதிதாக வருபவர்கள் அதைத் தூசு மறைப்பு என்று நினைப்பார்கள். படிக்க முடியாத டிஸ்க்கைச் சொருகினால் கம்ப்யூட்டர், ஃபார்மட் பண்ணட்டுமா என்று ஒரு பெட்டியைக் காட்டிக் கேட்கும். சரி என்றால் உள்ளே இருப்பதெல்லாம் துடைபட்டுப் போகும். ஒரு முறை ஒரு வக்கீல், அக்கா திரும்புவதற்குள் எட்டி அமுக்கிவிட்டார். அன்றிலிருந்து மூடி. "கம்ப்யூட்டர் என்னவோ 'அழிச்சிடட்டுங்களா'ன்னு மரியாதையாத்தான் கேக்குது. நம்ம ஆளுங்க அந்த மரியாதையில மயங்கி 'ஆகட்டும்'னுடறாங்க."

எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஒயர். சுவரில் ஓர் ஆணியில் தனியாகத் தொங்கும். ஆள் உயரத்தில் பாதி நீளம், கழுத்தில் சிவப்பு நூல். தையல்காரரிடம் வாங்கிக் கட்டியது. வருகிறவர் கொண்டுவரும் ஒயரை அக்கா இரண்டு விரலால், வாலைப் பிடித்த எலி போலத் தூக்கி, காலடியில் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போடுவார். பிறகு சிவப்பு நூல் ஒயரைச் சொருகுவார். பத்துக்கு ஆறு டிஸ்க்குகள் அப்போதே எழுந்து உட்காரும். அக்கா கூரையைப் பார்ப்பார். கூரைக்கு விஷயம் புரியும்.

தேறாது என்று முடிவானால் அக்கா உடனே வாயைத் திறந்து சொல்வதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மூக்குக் கண்ணாடி கழன்றால் கதை முடிந்தது என்று தெருவுக்கே தெரியும். தையல்காரர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு முக்காலியைத் தள்ளிவிடுவார், கேட்பவர் உட்கார.

போன மாதம் ஒரு மதியம், டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்தது அக்காவின் கொழுந்தன். பள்ளிக்கூடங்களில் வகுப்புப் படம் எடுப்பவர். நாற்பது வயதாகியும் அண்ணி முன்னால் சட்டைப் பொத்தானைச் சரி பார்த்துக்கொள்வார். எல்லாப் படத்துக்கும் இரண்டாவது காப்பி வை என்று அக்கா எட்டு வருடமாகச் சொல்கிறார். "வெச்சுடறேன் அண்ணி" என்று அவரும் எட்டு வருடமாகச் சொல்கிறார்.

கூரைக் கேள்வி முடிந்ததும் விஷயம் வெளியே வந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் அறுநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் படமும் இந்த ஒரே டிஸ்க்கில். அடுத்த பள்ளிக்கூடத்துக்காகக் கேமரா கார்டுகளை நேற்றே துடைத்துவிட்டார். நாலு மணிக்குத் தலைமையாசிரியை அச்சகத்துக்குப் போகிறார். படம் போனால் ஆண்டு மலரில் பிள்ளைகள் இருக்கும் இடமெல்லாம் வெள்ளைத் தாள்.

மறுபடி எடுத்துக்கொள்ளலாமே என்றார் தையல்காரர், ஊசியில் நூல் கோத்தபடி.

முடியாது என்றார் கொழுந்தன். மேல் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சை எழுதி முடித்து ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால், "ஒண்ணாங் கிளாஸ்ல பாதிப் பேருக்கு முன்பல் விழுந்துடுச்சுண்ணே. பல்லு இருக்கறப்போ எடுத்தது இது ஒண்ணுதான். நாப்பது பிள்ளைங்களும் ஒரே நேரத்துல கண்ணைத் தொறந்திருந்த படம். அந்த மாதிரி ஒரு நொடி என் வாழ்க்கையில இனிமே வராது."

அக்கா அவருடைய ஒயரைத் தூக்கி டப்பாவில் போட்டார். எதில் சொருகினாய் என்று கேட்டதற்கு, கம்ப்யூட்டரில்தான் என்றார் கொழுந்தன், ஜெராக்ஸ் கடைப் பக்கம் பார்த்துக்கொண்டு. அக்கா சிவப்பு நூல் ஒயரைச் சொருகிக் காதில் வைத்தார். 'உய்ய்ய்'. விளக்கும் எரிந்தது. புருவம் இறங்கியது. "பாட்டெல்லாம் நல்லாத்தான் பாடுது. தலைமேல கைய வெச்சுக்காதே, படத்தோட போவே."

திரையில் ஒன்றும் வரவில்லை.

பின்பக்கத் துளையில் மாற்றிச் சொருகினார். வரவில்லை. அதே ஒயரோடு இரண்டாவது கம்ப்யூட்டருக்குப் போனார். வரவில்லை. சில டிஸ்க்குகள் உள்ளே வந்தும் பெயர் கிடைக்காமல் மூலையில் நிற்கும், அக்கா 'E', 'F' என்று ஓர் எழுத்தைப் பெயராகக் கொடுத்தால் சபைக்கு வந்துவிடும். அப்படி நிற்பவற்றின் பட்டியலைத் திறந்து பார்த்தார். மூலையிலும் யாரும் இல்லை. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டார். "உசுரு இருக்கு, மூச்சு இருக்கு, வாயத் தொறக்க மாட்டேங்குது. உங்க அண்ணன் கோவிச்சுக்கிட்டா இப்படித்தான்."

இரண்டு மணிக்குக் கொழுந்தனின் போன் அடித்தது. தலைமையாசிரியை. ஏழாம் வகுப்பில் அவரிடம் படித்தவர் கொழுந்தன். எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு பேசினார். "ஆச்சுங்க டீச்சர். ரெடிங்க டீச்சர்." வைத்த பிறகும் சிறிது நேரம் நின்றுகொண்டே இருந்தார், உட்காரும்படி யாரும் சொல்லாததால்.

மூன்று மணிக்கு அக்கா டிஸ்க்கின் உறையைக் கழற்றினார். சில ரகங்களில் உள்ளே இருப்பதை உருவி வேறு வழியாக இணைத்துப் பார்க்கலாம். இந்த ரகத்தில் ஒயர் சொருகும் வாய் டிஸ்க்கின் உடம்போடு ஒட்டியிருந்தது. மூடி வைத்தார். வேறு ஊரில் பெரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது, அனுப்பினால் ஆறு வாரம் ஆகும் என்றார். நாற்காலியைப் பின்னால் தள்ளினார். சுற்றாத சக்கரம் தரையில் கிடந்த எதன் மேலோ ஏறி இறங்கியது. நாற்காலி ஒரு குலுங்கு குலுங்கியது.

அக்காவின் கை கண்ணாடிக்குப் போனது.

தையல் மிஷின் சத்தம் நின்றது. சுவரோரமாக முக்காலி மெல்ல நகர்ந்து வந்தது.

கொழுந்தன் உட்காரவில்லை. மூக்குக்கு மேல் இரண்டு பள்ளத்தோடு, கண்ணாடி இல்லாத அண்ணியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் கலங்கியிருந்தது. பிழைக்க வைக்க முடியாத டிஸ்க்குகளை அக்கா பார்த்ததுண்டு. இத்தனை நன்றாகப் பாடிக்கொண்டே சாகும் டிஸ்க்கைப் பார்த்ததில்லை. அதில் நாற்பது குழந்தைகளின் முன்பல் வேறு. எட்டு வருடமாகக் காப்பி காப்பி என்று கத்தியது பலித்துவிட்டதே என்றும் இருந்தது. அவரைத் திட்டக்கூட அக்காவுக்கு மனம் வரவில்லை.

அண்ணி திட்டாதது கொழுந்தனை இன்னும் பயமுறுத்தியது. என்னவாவது பேசி அந்த அமைதியைக் கலைக்க வேண்டும். இந்தத் தொழிலில் அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம். அதையும் இந்தக் கடையில்தான் கேட்டுப் பழகியிருந்தார்.

"அண்ணி," என்றார் மெதுவாக. "ஒயரை மாத்திப் பாத்தீங்களா?"

கண்ணாடி துடைத்த கை நின்றது. தையல்காரர் இருமினார், அது இருமல் மாதிரி இல்லை.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். குனிந்தார். சிவப்பு நூல் ஒயரை மேசைக்கு அடியிலிருந்து கை கையாக இழுத்தார். பாதி வழியில் ஓர் இடம் தட்டையாக, அப்பளம் மாதிரி நசுங்கியிருந்தது. அதில் சக்கரத்தின் வரி வரியான தடம். மின்சாரம் மட்டும் எப்படியோ அதில் நெளிந்து போய், டிஸ்க்கைப் பாட வைத்திருக்கிறது. பேச்சு போகும் கம்பி எப்போதோ அறுந்துவிட்டது.

அக்கா பிஸ்கட் டப்பாவுக்குள் கையை விட்டார். மேலாகக் கிடந்தது கொழுந்தனின் ஒயர். அதைப் புறங்கையால் துடைத்து, டிஸ்க்கில் ஒரு முனையும் கம்ப்யூட்டரில் ஒரு முனையும் சொருகினார்.

திரை ஒரு முறை சிமிட்டியது. முதல் படமே ஒன்றாம் வகுப்பு. நாற்பது பிள்ளைகள், எண்பது கண், எண்ணிப் பார்க்க முடியாத அளவுக்குப் பல்.

கொழுந்தன் இப்போதுதான் முக்காலியில் உட்கார்ந்தார். அந்த நிம்மதியில் மிச்ச உண்மையும் வெளியே வந்துவிட்டது. வீட்டில் டிஸ்க்கை நேராகக் கம்ப்யூட்டரில் சொருகவில்லையாம். ஒரே துளையை நாலாகப் பிரிக்கும் பெட்டியில், ஒரு குட்டி ஃபேனோடும் போன் சார்ஜரோடும் மேசை விளக்கோடும் சேர்த்துச் சொருகினாராம். "நாலு பேருக்கு ஒரு இட்டிலிய வெச்சுட்டு யாருமே எந்திரிக்கலைன்னா எப்படிடா?" என்றார் அக்கா. வழக்கமாக இதற்கு அரை மணி நேரம் திட்டு விழும். அன்று அந்த ஒரு வரியோடு நின்றது.

படமெல்லாம் தலைமையாசிரியைக்குக் கொடுக்க வேண்டிய பென் டிரைவில் ஏறி முடிந்தபோது மணி மூன்று ஐம்பது. கொழுந்தன் எழுந்து, தன் டிஸ்க்கைப் பையில் வைத்து, ஒயரை எடுக்கக் கை நீட்டினார். அக்கா முந்திக்கொண்டார். நசுங்கிய ஒயரின் கழுத்திலிருந்து சிவப்பு நூலை நகத்தால் நிமிண்டி அவிழ்த்தார். கொழுந்தனின் ஒயரில் இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டார். ஆணியில் மாட்டினார்.

"அண்ணி, அது என் ஒயர்" என்றார் கொழுந்தன்.

அக்கா கூரையைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தார்.

"உன் ஒயர்தான், யாரு இல்லேன்னா? பதினோரு வருஷமா ஒருத்தராவது ஒயரை மாத்திப் பாருங்கன்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்தறேன். இன்னைக்குத்தான் ஒருத்தன் வாயில அது வந்திருக்கு, அதுவும் என்னைப் பாத்து. அந்த ஞாபகத்துக்கு இது இங்கயே தொங்கட்டும். உனக்கு வேணுங்கறதை அந்த டப்பாவுலருந்து எடுத்துக்க, இப்போ பாத்தா அதுல பாதி நல்ல ஒயராத்தான் இருக்கும் போலிருக்கு. வீட்டுக்குப் போனதும் மொத வேலையா ரெண்டாவது காப்பி போடு. ஆனா தம்பி, இங்க நடந்தது உங்க அண்ணன் காதுக்கு மட்டும் போச்சுன்னு வெச்சுக்க, அடுத்த தடவை நீ டிஸ்க்கைக் கொண்டுட்டு வர்றப்போ அந்த ஊறுகா மூடிய எடுத்து ஓரமா வெச்சுட்டு, என்டரை நானே அமுக்குவேன்."