குழப்பம் உள்ள பிரேக்

பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கும். இதை ஒரு அதிசயமாக நான் நினைத்ததே இல்லை. மிதித்தால் நிற்காமல் பின்னே என்ன செய்யும்?

கேரள எல்லைக்குள் எருத்தேன்பதியில் இருக்கும் எங்கள் தோட்டத்திலிருந்து பொள்ளாச்சி போவதென்றாலும் கோயமுத்தூர் போவதென்றாலும் எங்கள் பழைய வெள்ளைக் காரை ஓட்டுகிறவள் நான்தான். என் வீட்டுக்காரருக்கு டிராக்டர் மட்டும்தான் வரும். அந்தக் கார் மாடலைச் செய்வதைக் கம்பெனியே நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. வித்துட்டுப் புதுசு வாங்குங்க என்று சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. "உங்களுக்குந்தான் வயசாயிருச்சு, உங்க ஊட்டுல மாத்தீட்டாங்களா?" என்று ஒருமுறை திருப்பிக் கேட்டேன். அதன்பிறகு அந்தப் பேச்சு நின்றது.

என் மகள் மூணாறுக்கு மேலே ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வேலைக்குப் போன இடத்திலேயே ஒரு நல்ல பையனைப் பிடித்துக் கல்யாணமும் செய்துகொண்டாள். இப்போது ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அவளை நான் கூட்டிவர வேண்டும். வாடகைக் காரில் அவள் வரமாட்டாள். அந்த டிரைவர்கள் வளைவில் ஒடிக்கிற ஒடியில் குடலே வெளியே வந்துவிடும், நீ ஓட்டினால்தான் எனக்குக் குமட்டாது என்று போனில் சொல்லிவிட்டாள். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று புதன்கிழமையைக் குறித்தோம்.

கொஞ்ச நாளாக பிரேக் பெடல் முன்னைவிடத் தாழ்வாகப் போய்க்கொண்டிருந்தது. சந்தைக்குப் போக அது போதும். மலையிலிருந்து பிள்ளைத்தாய்ச்சியை இறக்கிக்கொண்டு வரப் போதாது. நாலு சக்கரத்துக்கும் பிரேக்கில் உள்ளதையெல்லாம் மாற்றிவிடுவது என்று கோயமுத்தூருக்குப் போனேன்.

பழைய வண்டிக்குச் சாமான் வாங்குவது பெண் பார்ப்பதைவிடச் சிரமம். கார் கம்பெனி தன் பெயர் போட்டு விற்றது ஒன்று. அந்தக் கம்பெனிக்கே செய்து கொடுத்தவர்கள் தங்கள் சொந்தப் பெயரில் விற்பது இன்னொன்று. யார் எங்கே செய்தார்கள் என்று ஆண்டவனுக்கே தெரியாதது மூன்றாவது. இவை போக, உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய பழசு வேறு. பிரேக்குக்குப் பழசும் வேண்டாம், ஊர் பேர் தெரியாததும் வேண்டாம் என்பதில் நான் தெளிவாக இருந்தேன். கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ஒருவர் பரணில் ஏறி, கார் கம்பெனியின் பெயர் போட்ட டப்பாக்களை எடுத்துத் தூசி தட்டித் தந்தார். சீல்கூடப் பிரியவில்லை. அந்தத் தூசியைப் பார்த்தே எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. ஒரிஜினல்! மடியில் வைத்துக்கொள்ளாத குறையாகக் கொண்டுவந்து, நல்லேப்பிள்ளியில் எங்கள் வண்டியைப் பார்க்கிற மேஸ்திரியிடம் கொடுத்தேன்.

சனிக்கிழமை மதியம், நான் தென்னைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரர் போனைக் கையில் பிடித்தபடி வாய்க்கால் மேட்டில் வந்து நின்றார்.

"ஏம்புள்ள, அந்த மேஸ்திரிக்கு என்னமோ கொழப்பமாமா. மாட்டட்டுமா வேண்டாமான்னு கேக்கறான்."

அவர் பிறந்தது உடுமலைப் பக்கம். இத்தனை வருஷம் கேரளத்தில் ரேஷன் வாங்கியும் அவர் காது மட்டும் இன்னும் எல்லையைத் தாண்டவில்லை. எனக்கு வந்ததே கோபம். கடையெல்லாம் அலைந்து ஒரிஜினல் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், இவனுக்கு இதில் என்ன குழப்பம்? மாட்டத் தெரியாதவன் எதற்குப் பட்டறை வைத்திருக்கிறான்?

"கொழப்பமிருந்தாப் பரவால்ல, அதையே மாட்டச் சொல்லுங்க!" என்று கத்தினேன்.

அவர் போனை வாயருகே வைத்து, நான் சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் அப்படியே சொன்னார். மேஸ்திரி போனை வைத்துவிட்டாராம்.

சாயங்காலம் வண்டியை எடுக்கப் போனால், நாலு சக்கரமும் இல்லாமல் கட்டை மேல் நிற்கிறது. மேஸ்திரி ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். எப்போதும் சிரிக்கிற மனிதர், அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"ஏனுங் மேஸ்திரி, வண்டிய இப்பிடிப் போட்டுட்டு டீ குடிக்கறீங்களா?"

"நான் மாட்டூல்லா சேச்சி. வேறெ ஆளெ நோக்கிக்கோ."

"ஏன் மாட்ட மாட்டீங்க?"

"குழப்பமிருந்தாப் பரவால்லன்னு சேச்சிதானே பறஞ்ஞது? பிரேக்கில குழப்பமிருந்தா எப்படிப் பரவால்ல? மோளெக் கூட்டீட்டு வரப் போற வண்டியல்லே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குழப்பம்! தமிழில் அது மனத்தில் வருவது. மலையாளத்தில் அது சாமானிலும் வரும். சாமானில் கோளாறு இருக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். கோளாறு இருந்தால் பரவாயில்லை, மாட்டு என்று நான் சொல்லியிருக்கிறேன், நான் பெற்ற பெண் வரப்போகிற வண்டிக்கு! இரண்டு மொழியும் எனக்கு வெற்றிலை பாக்கு மாதிரி. வீட்டுக்காரர் வாயால் கேட்டதால் தமிழாகவே கேட்டுவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். காரிக்கு அதுவும் கிடையாது போலிருக்கிறது.

விஷயத்தைச் சொன்னதும் மேஸ்திரி ஸ்டூலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பிறகு டப்பாவிலிருந்து ஒரு ரப்பர் வாஷரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு ரூபாய்க் காசு அளவுகூட இல்லாத, சின்னக் கிண்ணம் மாதிரி ஒன்று. நாம் மிதிக்கிற மிதி எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் இந்த ரப்பரைத் தள்ளும், ரப்பர்தான் பிரேக் கட்டையைத் தள்ளிச் சக்கரத்தைப் பிடிக்கும். அதன் விளிம்பை விரலால் மெல்ல மடக்கிக் காட்டினார். பித்தவெடிப்பு மாதிரி நூல் நூலாகக் கீறல்.

"ஒரிஜினல்தான் சேச்சி. பட்சே, பரண்ல இருந்தே வயசாயிப் போயி."

அட சாமி! ஒரு சக்கரத்தைக்கூடப் பார்க்காமல், ஒரு அடிகூட ஓடாமல், சீல் வைத்த இருட்டுக்குள் கிடந்தே இதற்கு முதுமை வந்திருக்கிறது. அதைவிடப் பெரிய வியப்பு இன்னொன்று. இத்தனை காலமும் அந்தக் கனமான வண்டியை, அதில் ஏற்றிய தேங்காய் மூட்டையை, பள்ளிக்கூடம் போன என் மகளை, இந்த நகக்கண் அளவு ரப்பர்தான் இழுத்துப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. எனக்கு அதைத் திருப்பிக் கொடுக்கவே மனம் வரவில்லை. விளக்கு முன்னால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. திங்கட்கிழமை ஷட்டர் தூக்குவதற்கு முன்பே கோயமுத்தூரில் நின்றேன். இந்த முறை பெயரைக் கேட்கவில்லை. எப்போது செய்தது என்று கேட்டேன். கம்பெனிக்கே ரப்பர் செய்து கொடுத்தவர்களின் சொந்த டப்பா, சமீபத்து மாதம் அச்சடித்தது, ஒரு கடையில் கிடைத்தது. கழற்றிய பழசைப் பக்கத்தில் வைத்து அளவு பார்த்தேன். ஒவ்வொரு வாஷராக மடக்கி, விட்டு, மறுபடி மடக்கினேன். விட்டதும் துள்ளி நிமிர்ந்தது.

"என்னுங் அம்மிணி, கத்திரிக்கா வாங்கறாப்பல நசுக்கறீங்க?" என்றார் கடைக்காரர்.

"கத்திரிக்கா சொத்தையானாக் கொழம்புதானுங்க கெடும்," என்றேன். அவர் விளக்கை என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

அன்று சாயங்காலமே மேஸ்திரி மாட்டி முடித்தார். செவ்வாய்க்கிழமை மேலே போனோம். புதன்கிழமை காலை மகளைப் பின்சீட்டில் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்தேன். "மதினி, வண்டிய பைய இறக்குங்க, என்ன?" என்று சம்பந்தியம்மாள் கண்ணாடி வழியாகத் தலையை விட்டுச் சொன்னார். வீட்டுக்காரர் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். குழப்பம் என்ற சொல்லையே அந்த வாரம் முழுக்க அவர் உச்சரிக்கவில்லை.

மறையூர் தாண்டி, சின்னாறு இறக்கம். ஒரு வளைவைத் திரும்பினேன். நடு ரோட்டில் யானை.

மிதித்தேன். வண்டி கீச்சென்ற சத்தம்கூட இல்லாமல், கட்டுத்தறியில் கட்டிய எருமை மாதிரி நின்றது. நின்ற இடம் நல்ல சரிவு. கீழே பார்த்தால் ஆற்று மணல் தெரிகிறது. யானைக்கு அவசரமில்லை. அதன் காலடியில் ஒரு குட்டி, ரோட்டோரத்தில் எதையோ மோந்துகொண்டு வர மறுத்தது. தாய் திரும்பி வந்து தும்பிக்கையால் அதன் பின்புறத்தில் ஒரு தட்டுத் தட்டியது. நான் யானையைப் பாதிதான் பார்த்தேன். மீதிக் கவனமெல்லாம் என் வலது காலில் இருந்தது. அந்த ரப்பரில் ஒரு கீறல் இருந்தால் பெடல் மெல்ல மெல்ல அமிழும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். அமிழ்கிறதா? இல்லை. இப்போது? இல்லை. பாறை மேல் கால் வைத்தது போல இருந்தது.

குட்டி ஓடித் தாயைப் பிடித்தது. மூங்கில் அசைந்தது. ரோடு வெறுமையானது.

"அம்மா, ஆனை போயிருச்சு," என்றாள் மகள், வயிற்றில் கையை வைத்தபடி. "இன்னும் என்னத்துக்கு மிதிச்சுட்டே இருக்கறே?"

"இரு கண்ணு," என்றேன். "கொஞ்ச நேரம் இப்படியே நின்னுக்கறேன்."