எட்டாவது இன்னிங்ஸில் எழுந்து போனவள்

லோரெய்ன் ஸ்விடர்ஸ்கி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். இறக்கிவிட்ட பிள்ளை வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போகிற வரை வண்டியை நகர்த்த மாட்டாள். பின்னால் நிற்கிற கார்க்காரர்கள் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோவார்கள். மில்வாக்கி நகரின் தெற்குப் பக்கத்தில் அவளுடைய வீட்டு மாடியில் வெகுகாலமாகக் குடியிருக்கிறேன். அவள் மனதை மாற்றிய ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

பேஸ்பால் மைதானத்திலும் அவளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. ஒன்பதாவது இன்னிங்ஸில் கடைசி ஆள் அவுட்டாகும் வரை யாரும் எழுந்து போகக்கூடாது. கார் நெரிசலுக்குப் பயந்து ஏழாவது இன்னிங்ஸிலேயே வெளியே போகப் படியேறுகிறவர்களை அவள் சும்மா விட்டதில்லை.

"ஏன்யா, அடுப்பை அணைக்காம வந்துட்டியா?" என்பாள். பெரிய மனிதர்கள்கூட அசடு வழிந்துகொண்டு திரும்பி வந்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த அக்டோபரில் எங்கள் அணி பிளேஆஃப் என்கிற இறுதிச் சுற்றுகள் வரை வந்துவிட்டது. தோற்றால் மூட்டை கட்ட வேண்டிய ஆட்டம் சனிக்கிழமை மதியம். லோரெய்ன், அவள் தம்பி டக், நான், மூவரும் காலையிலேயே போய், வண்டிகள் நிற்கிற திடலில் கரி அடுப்பு மூட்டி, பிராட்வர்ஸ்ட் என்கிற பன்றிக்கறித் தொத்திறைச்சி சுட்டுத் தின்றுவிட்டு உள்ளே போனோம். கீழ் வரிசையில் அவளுடைய வழக்கமான இடம். எங்கள் ஆட்டக்காரர்கள் முகம் சுளிப்பதுகூடத் தெரியும்.

எட்டாவது இன்னிங்ஸ் வரை ஒரு ரன் முன்னிலை. பந்து வீச வந்தவன் டாலிவர், வயதாகிக்கொண்டிருந்த பிட்சர். மைதானத்தின் மூன்று மூலையிலும் எதிரணி ஆட்கள் ஓடக் காத்து நிற்க, அவன் போட்ட பந்து அடிபட்டு வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. அந்த மூவரும் அடித்தவனுமாக ஒரே அடியில் நான்கு ரன். அரங்கம் வாயடைத்துப் போன அந்த நேரத்தில் லோரெய்ன் மட்டும் எழுந்து நின்று கத்தினாள்.

"போய் வேற வேலை பாருடா! உன்னை நம்பினோம் பாரு, எங்களைச் சொல்லணும்!"

டாலிவர் திரும்பினான். எங்களைத்தான் பார்த்தானா என்று தெரியாது. லோரெய்ன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"லோரெய்ன், எங்க போற?" என்றான் டக்.

"வீட்டுக்கு. வர்றவங்க வரலாம்."

"நான் வரல. நீ போட்ட சட்டம்தானே?"

கார் சாவி அவளிடம் இருந்தது. அவளைத் தனியாக விடவும் எனக்கு மனமில்லை, பின்னாலேயே போனேன். திடலில் எங்களைப் போலவே ஓடிவந்தவர்களின் கார்கள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. ஒன்பதாவது இன்னிங்ஸை அந்த நெரிசலில்தான் கேட்டோம். முதலில் மதிலுக்கு அப்பாலிருந்து இரைச்சல் வரும். சற்றுப் பொறுத்து அதே இரைச்சல் கார் ரேடியோவில் வரும். எங்கள் அணி ஒரு ரன் எடுத்தது. பிறகு இன்னொன்று. சமன் செய்ய ஒன்றுதான் பாக்கி. லோரெய்ன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். அந்த ஒன்று வரவில்லை. ஆட்டம் முடிந்த பிறகும் உள்ளே கைதட்டல் நிற்கவில்லை. தோற்றவர்களுக்காக மொத்த அரங்கமும் எழுந்து நின்று தட்டுகிறது என்றார் ரேடியோக்காரர்.

அவள் ரேடியோவை அணைத்தாள்.

வீட்டுக்கு வந்து இறங்கும்போது சொன்னாள். "அடுத்த வருஷம் என் இடத்தை டக்கே வெச்சுக்கட்டும். இனிமே அங்க போய் உக்கார எனக்கு மூஞ்சி இல்ல."

கோபத்தில் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையிலும் அதையே சொன்னபோது எனக்குப் பயமாகிவிட்டது. பேஸ்பால் இல்லாத லோரெய்னோடு ஒரே கூரையின் கீழ் எப்படிக் காலம் தள்ளுவது?

மனசு மாறட்டும் என்று டக் ஞாயிறு மதியம் எங்களைச் சினிமாவுக்கு இழுத்துப் போனான். கோட்டை, முற்றுகை, கவசம் போட்ட குதிரை என்று மத்தியகாலத்துக் கதை. இந்தப் படங்கள் எனக்கு ஒத்துவராது. ஊரே பட்டினி கிடக்கும், கதாநாயகனின் முடி மட்டும் எண்ணெய் தடவி வாரியதுபோல் இருக்கும்.

"பல்லைப் பாரு, என்னா வெள்ளை! அந்தக் காலத்துல பல் டாக்டர் இருந்தானா?" என்று டக் என் காதைக் கடித்தான்.

லோரெய்ன் பாப்கார்னைத் தொடவில்லை. கோட்டைக்குள் தண்ணீர் தீர்ந்துவிடுகிறது. வீரர்கள் ஒவ்வொருவராகச் சுவர்மேல் செத்து விழுகிறார்கள். "கடைசி வரை உங்களோடு இருப்பேன்" என்று முதல் காட்சியில் சபதம் போட்ட ராணி, பின்வாசல் வழியாக நழுவிப் போகிறாள். சுவர்மேல் நின்ற கிழட்டு வில்லாளி ஒருவன் அவள் போவதைப் பார்க்கிறான். திரும்பி அம்பைத் தொடுக்கிறான்.

"இவளும் கார் நெரிசலுக்குப் பயந்துட்டா போல," என்றான் டக். முன் வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

நான் அவன் காலை மிதித்தேன். படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. நாங்கள் எழுந்தோம். அவள் எழவில்லை. குதிரைக்குத் தீனி போட்டவன் பெயர் வரை ஓடி முடிந்து, பெருக்குகிறவர் துடைப்பத்தோடு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அந்தக் கிழவன் அவளைப் பார்த்தான், கவனிச்சியா?"

"கவனிச்சேன்," என்றேன்.

"டாலிவரும் பார்த்தான்."

சீசன் முடிந்தால் ஆட்டக்காரர்கள் தங்கள் சாமான்களை எடுத்துப் போக ஒருநாள் மைதானத்துக்கு வருவார்கள். அது மறுநாள், திங்கட்கிழமை. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு லோரெய்ன் நேராக மைதானத்தின் பின்வாசலுக்குப் போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன். கையெழுத்துக்காகச் சிலர் நின்றிருந்தார்கள். குளிர் காதைப் பிடுங்கியது. ஒவ்வொரு வண்டி வெளியே வரும்போதும் லோரெய்ன் கைதட்டினாள். சிலர் கையசைத்தார்கள், சிலர் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை.

டாலிவரின் வண்டி வந்தபோது அவள் குறுக்கே போய் நின்றுவிட்டாள். காவலாளி பதறி ஓடிவந்தார். டாலிவர் அவரைக் கையமர்த்திவிட்டுக் கண்ணாடியை இறக்கினான். கிட்டத்தில் பார்க்கையில், தூங்கிப் பல நாள் ஆன முகம்.

"தம்பி, சனிக்கிழமை உன்னைப் பார்த்துக் கத்தினவ நான்தான். கத்திட்டு எட்டாவதுலயே எழுந்து போயிட்டேன். வாழ்க்கையில அதுக்கு முன்னாடி ஒருநாளும் போனதில்ல."

அவன் இன்ஜினை அணைத்தான்.

"எனக்கும் போயிடணும்னுதான் இருந்துச்சும்மா," என்றான். "விட்டாத்தானே?"

லோரெய்ன் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். ஏப்ரலில் அடுத்த சீசன் தொடங்கும்போது தன் வழக்கமான இடத்தில் இருப்பதாகவும், அவனும் வரவேண்டும் என்றும் சொன்னாள்.

"ஏப்ரல்ல எந்த ஊர் அணியில இருப்பேனோ, தெரியல. வேற வேலை பார்க்கச் சொல்லிட்டீங்க வேற."

"எந்த ஊரா இருந்தா என்ன? டிவியில பார்ப்பேன். நீ வீசி முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்."

அவன் போய்விட்டான். கையெழுத்து வாங்க வந்தவர்களும் கலைந்தார்கள். எனக்குப் பசி, கால் மரத்துவிட்டது.

"போலாமா?" என்றேன்.

"உள்ள இன்னும் வண்டி நிக்குது," என்றாள்.

கடைசியாக ஆட்டக்காரர்களின் துணி வெளுக்கிற ஆளின் பழைய வேன் வெளியே வந்தது. அதற்கும் கைதட்டினாள். அந்த ஆள் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். காவலாளி கதவை இழுத்துப் பூட்டிய பிறகுதான் லோரெய்ன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.