அத்தையின் சோப்பு டப்பாவும் ஆதி தாளமும்

எங்கள் அத்தைக்குக் கை சும்மா இருக்காது. கரமனை அக்ரஹாரத்துப் பெண்கள் பட்டுநூலும் ஊசியுமாக உட்கார்ந்திருந்த வேளையில், இவள் சால்டரிங் அயர்னும் ஈயக்கம்பியுமாக உட்கார்ந்திருப்பாள். அப்பாவின் கடைசித் தங்கை. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிப்பு, கடைசி வருஷம் பாக்கி. வீட்டு ரேடியோ அவள் கை பட்ட பிறகு மழை பெய்தால் மட்டும் பாடியது.

அவள் செய்தவற்றில் உருப்படியானது ஒன்றுதான். சாலைக் கடைத்தெருவில் தேடித்தேடி வாங்கிய சாமான்களை ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடைத்து, கூடத்து விளக்கோடு இணைத்திருந்தாள். கை தட்டினால் விளக்கு அணையும். மறுபடி தட்டினால் எரியும். நான் தட்டிய தட்டில் அப்பா ஒரு நாள்கூடப் பேப்பரை முழுசாகப் படித்ததில்லை.

அப்போதுதான் பம்பாயிலிருந்து ஒரு வரன் வந்தது. பிள்ளைக்கு நல்ல உத்தியோகம், சொந்த ஃபிளாட். ஒரே ஒரு நிபந்தனை: வைகாசியிலேயே கல்யாணம். படிப்பு முடியும் வரை காத்திருக்க முடியாது, ஈயம் உருக்குகிற வேலையெல்லாம் குடும்பப் பெண்ணுக்கு எதற்கு என்றார்கள். அப்பாவுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. அத்தை சரியாகச் சாப்பிடுவதை நிறுத்தினாள். கல்யாணப் பெண்ணுக்கு வருகிற பயம் என்று அம்மா சொன்னாள், நானும் நம்பினேன்.

பெண் பார்க்க வந்த அன்று காலையிலேயே அந்த டப்பாவை எடுத்துவிடும்படி அம்மா சொல்லியிருந்தாள். “கழட்டியாச்சு, மன்னி” என்றாள் அத்தை. ஆனால் அது அலமாரி மேலேயே இருந்தது. பாவம், பதட்டத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்து நான் சொல்ல வாயெடுத்தபோது, அத்தை சுடச்சுட ஒரு வாழைக்காய் பஜ்ஜியை என் வாயில் திணித்தாள். நாக்கு வெந்துபோனதில் பேச்சு நின்றது.

சாயங்காலம் மழை இருட்டு. கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். பிள்ளையின் அப்பா பெரிய சங்கீத ரசிகர் என்று தரகர் முன்பே சொல்லியிருந்தார். பாடச் சொன்னால் ஓடி ஒளிகிற அத்தை அன்று தானாகவே, “பாடட்டுமா?” என்றாள். அம்மா அசந்துபோனாள். “மாமா தாளம் போட்டா எனக்குத் தைரியமா இருக்கும்” என்று தலையைக் குனிந்துகொண்டு வேறு சொன்னாள். பிள்ளையின் அப்பாவான அந்த மாமாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆதி தாளம். ஓங்கி ஒரு தட்டு, விளக்கு அணைந்தது. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் எல்லாம் இருட்டிலேயே எண்ணப்பட்டன. அடுத்த தட்டுக்கு எரிந்தது, அதற்கடுத்ததற்கு அணைந்தது. மாமா ரசிகர் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு விட்டார். அவர் சம்சாரம் மட்டும் எரியும்போது பஜ்ஜியை எடுப்பதும் அணையும்போது அப்படியே வைத்துக்கொண்டிருப்பதுமாகத் தவித்தாள்.

“இங்கே கரண்ட் எப்பவும் இப்படித்தான், கேட்டேளா” என்று அப்பா சமாளித்தார். ஃபேன் மட்டும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று அத்தை ஒன்றையும் விடவில்லை. அவ்வளவு நன்றாக அவள் பாடி நான் கேட்டதே இல்லை.

மறுநாள் தரகர் வந்து கையை விரித்தார். பெண் பார்க்கிற நேரத்தில் விளக்கு அத்தனை தடவை அணைந்தது அபசகுனமாம். அப்பா குதித்தார். “பதட்டத்திலே டப்பாவுக்குப் பதிலா காலிங் பெல்லைக் கழட்டிட்டேன் போலிருக்கு, மன்னி” என்று அத்தை அம்மாவிடம் மூக்கை உறிஞ்சினாள்.

எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. தெருக்கோடிப் பிள்ளையாரிடம் போய், அந்தப் பம்பாய்க்காரர்களுக்கு மனசு மாறி அவர்களே திரும்பி வரவேண்டும் என்று தினமும் தோப்புக்கரணம் போட ஆரம்பித்தேன். விஷயம் தெரிந்ததும் அத்தை காலேஜ் பையைக்கூடக் கீழே வைக்காமல் கோயிலுக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“போறும்டீ! இன்னிக்கு வரைக்கும் போட்டது ஒண்ணும் கணக்கில்லைன்னு அவர்கிட்டே சொல்லிடு” என்றாள்.

எனக்குக் கால் வலிக்கும் என்று அத்தைக்குத்தான் எவ்வளவு கவலை என்று நினைத்து, நான் இன்னும் நாலு சேர்த்துப் போட்டேன்.