பச்சமுத்துவின் சூடு

'சூடு' என்ற ஒரு சொல் மட்டும் இல்லாதிருந்தால் செஞ்சியில் பாதிப் பேர் காலாகாலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள். கண் எரிந்தால் சூடு, வயிறு வலித்தால் சூடு. விவசாயிகள் நெல் கொண்டுவந்து விற்கும் கமிட்டியில் மூட்டை தூக்கும் பச்சமுத்துவுக்கு மலத்தோடு ரத்தம் போனபோதும் அதே சூடுதான். சித்திரை வெயிலில் லாரிக்கும் களத்துக்கும் நடக்கிற உடம்பு சூடாகாமல் என்ன செய்யும்? வெந்தயத்தை ஊறவைத்து விழுங்கினார். மோராகக் குடித்தார். உட்கார முடியாமல் போன பிறகுதான் மனைவி சுந்தராம்பாள் அவரைப் புதுச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

மலக்குடலில் புற்றுநோய். கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், கட்டி கொஞ்சம் சுருங்கியது. அடுத்தது ஆபரேஷன். கமிட்டியில் ஆளுக்கொரு சேதி சொன்னார்கள். வயிற்றில் சின்ன ஓட்டைகள் போட்டு கேமரா விட்டுச் செய்யலாமாம். ரோபோ வைத்துச் செய்யலாமாம். ஆசனவாய் வழியாகக் கீழிருந்தும் எடுக்கலாமாம். பச்சமுத்துவுக்கு வேண்டியது ஒன்றுதான்: மலம் போக வயிற்றில் பை மாட்டக் கூடாது. பையைக் கட்டிக்கொண்டு எவன் நெல் மூட்டையை முதுகில் வாங்குவான்? மூட்டை தூக்காத பச்சமுத்துவை அவருக்கே தெரியாது.

"ரோபோவே பண்ணட்டும்மா. மெஷினு தப்பு பண்ணாது, பையும் வேணாம்" என்றார் டாக்டர் ஜெயஸ்ரீயிடம்.

"ரோபோ தானா பண்ணாதுங்க, நான்தான் அதை ஓட்டணும். எந்த வழியில போனாலும் ஒண்ணுதான். மலத்தை அடக்குற தசையையே கட்டி புடிச்சிடுச்சி. அதையும் சேத்துதான் எடுக்கணும். பை கடைசி வரைக்கும் இருக்கும்."

"தசைய வுட்டுட்டு எடுங்க."

"விட்டா நோயையும் விட்ட மாதிரி. சீக்கிரமே வந்திருந்தா தசையைக் காப்பாத்தியிருக்கலாம்."

சுந்தராம்பாள் தலையில் அடித்துக்கொண்டார். "நாந்தானே வெந்தயத்த ஊற வெச்சி குடுத்தேன்!"

"செத்தாலும் பரவால்ல, எனக்குப் பை வேணாம்" என்று கத்தினார் பச்சமுத்து. "மூட்டை தூக்காம நான் இன்னா பண்ணுவேன்?"

"ஒண்ணும் பண்ணாத. சும்மா குந்திகினு உசுரோட இருய்யா. எனக்கு அது போதும்."

பச்சமுத்து மனைவியைப் பார்த்தார், பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார். "கேமரா வுட்டே எடுத்துடுங்க" என்றார்.

மறுநாள் காலை நர்ஸ் கலைவாணி பேனாவோடு வந்தார். பை வைக்கும் இடத்தை முன்கூட்டியே குறிக்க வேண்டுமாம். மடிப்பு விழுகிற இடமாக இருக்கக் கூடாதாம்.

"லுங்கி எங்க கட்டுவீங்க?"

காட்டினார். அதற்குக் கீழே ஒரு வட்டம் போட்டார் நர்ஸ்.

"இப்ப கொஞ்சம் குனிங்க, பாக்கலாம்."

பச்சமுத்து குனிந்தார். அவருக்குத் தெரிந்த குனிதல் ஒன்றுதான். காலை அகட்டி, முட்டியில் கையை ஊன்றி, முதுகைப் பலகையாக விரித்து நின்றார்.

"போதும், நிமிருங்க."

அவர் நிமிரவில்லை. முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது.