மச்சான் அரைத்த சோளத்தட்டை

என் மேசையில், டீ கிளாஸுக்கு அடியில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்ட வில்லை இருக்கிறது. பழுப்பு நிறம். சிலர் வறட்டி என்பார்கள், சிலர் கருகிய அடை என்பார்கள், ஒருவர் எடுத்து முகர்ந்தே பார்த்துவிட்டார். மாட்டுத் தீவனத் தொழிற்சாலையில் பரிசோதனைக் கூடம் நடத்துகிறவனின் மேசையில் வறட்டி இருந்தால் என்ன என்று நானும் விட்டுவிடுவேன். உண்மையில் அது சோளத்தட்டை, கதிர் அறுத்தபின் மாட்டுக்குப் போடுகிற தண்டு. காய்ந்த சோளத்தட்டையைப் பொடியாக்க வந்த ஓர் இயந்திரம், பொடியாக்காமல் அப்படி இறுக்கித் தட்டிக் கொடுத்துவிட்டது. இயந்திரத்தைக் கொண்டுவந்தவர் என் மச்சான், மனைவியின் அண்ணன்.

எங்கள் இருவருக்கும் இடையில் மரியாதை என்று ஒன்று இருந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை திருநின்றவூரிலிருந்து ரயிலேறித் திருவள்ளூரில் எங்கள் வீட்டுக்கு வருவார். செருப்பைக் கழற்றும் முன்பே என் கிளாஸை எடுத்துப் பாதி டீயைக் குடித்துவிடுவார். "ஊட்ல சக்கர தீந்துபோச்சா மாப்ள, இல்ல என் தங்கச்சிக்கு உன்மேல இருக்கற பாசம் தீந்துபோச்சா?" என்பார். என் வழுக்கையைத் தடவி, இந்த இடத்தில் பிளாட் போட்டால் நல்ல விலைக்குப் போகும் என்பார். எங்கள் தொழிற்சாலை இருக்கிற காக்களூர் எஸ்டேட்டில் நான் வாயைத் திறந்தாலே சிரிக்கிற கூட்டம் உண்டு. ஆனால் மச்சானுக்கு முன்னால் நான் வெறும் டிரெய்னி.

சிக்கல் ஒரு பால் நிறுவனத்திலிருந்து வந்தது. எங்கள் தீவனத்தில் நார் எவ்வளவு என்று நான் சொன்ன கணக்கும் அவர்கள் சொன்ன கணக்கும் ஒத்துப்போகவில்லை. அவர்கள் கணக்கில் நார் அதிகம்; ஒரு லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் இருந்த அரவை இயந்திரம் கொஞ்சம் பெரிய மிக்ஸி, அவ்வளவுதான். அரைத்துச் சலித்தால் மாவு கீழே இறங்கும், முரட்டு நார் சல்லடை மேலேயே படுத்துக்கொள்ளும். அதை உதறிவிட்டு மாவை மட்டும் சோதித்தோம். நாங்கள் அளக்கவேண்டிய நாரே அதுதான். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு லோடு திரும்பி வந்துச்சின்னு வெச்சிக்க, நீயே குந்திக்கினு துன்னு முடிச்சிட்டுத்தான் ஊட்டுக்குப் போவணும்" என்றார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

புதிய இயந்திரம் வாங்குவதென்று முடிவாயிற்று. பார்வைக்கு வந்தவை இரண்டு. ஒன்றில் சுழலும் கத்திகள் நாரை வெட்டித் தள்ளும். மற்றதில் மூடிய எஃகு ஜாடிக்குள் எஃகு உருண்டைகள் புரண்டு மோதும். கல்லோ எலும்போ எதுவானாலும் மாவாகிவிடும். நொறுங்குகிற பொருளுக்கு அது ராஜா. வளைந்து கொடுக்கிற நாருக்கு என்ன செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. அந்த உருண்டை இயந்திரத்தைச் செய்கிற கும்மிடிப்பூண்டி கம்பெனியில்தான் மச்சான் விற்பனைக்காரராக இருந்தார்.

"இந்த ஆர்டர் கெடைக்கலன்னா ஒண்ணாந்தேதிலேர்ந்து வரவேணாம்னு சொல்ட்டாங்களாம்" என்று வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள் மனைவி. "உங்ககிட்ட சொல்லாதன்னுச்சி அண்ணன். அடுத்த மாசம் நம்ம பொண்ணுக்குக் கல்யாணம். தாய்மாமன் வந்து மாலை போடணும். ஞாபகம் வெச்சிக்கினு பேசுங்க." வெண்டைக்காய் வழக்கத்தைவிடப் பொடியாக விழுந்தது.

எதை அரைத்துக் காட்டச் சொல்வது என்பது என் கையில் இருந்தது. கடலைப் புண்ணாக்கைப் போட்டால் எந்த இயந்திரமும் மாவாக்கிவிடும். மச்சான் பிழைப்பார், வீட்டில் எனக்குச் சோறு கிடைக்கும். நாரே உருவான சோளத்தட்டையைப் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். மச்சான் இயந்திரம் கொண்டுவருகிற அன்று காலை வீட்டிலிருந்து இரண்டு எவர்சில்வர் டப்பாக்களை எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று மனைவி கேட்டாள். நாஷ்டா வாங்க என்றேன். வண்டியில் போனவன் எங்கள் தொழிற்சாலை கேட்டையே தாண்டிப் போய்விட்டேன். வாட்ச்மேன் விசிலடித்துத் திருப்பினார். உள்ளே போய் ஒரு டப்பாவில் புண்ணாக்கு, மற்றதில் நறுக்கிய தட்டை என்று இரண்டையும் நிரப்பி மேசைமேல் வைத்தேன். குடையையும் பிடித்து, மழைக்கோட்டையும் மாட்டிக்கொண்டு, கடைசியில் தொப்பலாக நனைந்து வருகிற ஜாதி நான்.

மச்சான் சட்டையை உள்ளே விட்டு, ஷூ போட்டு வந்திருந்தார். அந்தக் கோலத்தில் அவரை நான் பார்த்ததே இல்லை. "சார், சாம்பிள் குடுத்தீங்கன்னா ஆரம்பிச்சிடலாம்" என்று மேனேஜருக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதுதான் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு.

இரண்டு டப்பாக்களையும் திறந்து பார்த்தார். புண்ணாக்கு டப்பாவின் மேல் அவர் கை நின்றது.

"இது இன்னாத்துக்கு?"

"சும்மா மச்சான். மெஷினுக்குப் பசி எடுத்தா..."

மேனேஜர் அப்போது போனில் இருந்தார். மச்சான் குரலைத் தாழ்த்தினார். "என் மெஷின் மேல உனுக்கு நம்பிக்க இல்லியா, சரி, ஒத்துக்கறேன் மாப்ள. எனக்கு எதுக்குப் புண்ணாக்கு எடுத்து வெச்ச?" டப்பாவை மூடி என் பக்கம் தள்ளினார். தட்டையை அள்ளி ஜாடிக்குள் போட்டார். என்ன ஆகும் என்று தெரிந்தேதான் போட்டார் என்று இன்று நினைக்கிறேன். அன்று எனக்கு நினைக்கிற நிதானம் எங்கே இருந்தது? மின்விசிறிக்கு நேர் கீழே நின்று வேர்த்துக்கொண்டிருந்தேன்.

உருண்டைகள் உள்ளே இடிபோல் உருண்டன. ஜாடியைத் திறந்தபோது சூடான, தீய்ந்த வைக்கோல் வாசனை வந்தது. அடியில் இந்த வில்லை. மறுபடி ஓட்டினார்; இன்னும் இறுகிற்று. ஜாடியைக் கவிழ்த்துத் தட்டினார். வில்லை விழுந்து, உருண்டுபோய் மேனேஜரின் காலடியில் நின்றது.

"இன்னாயா இது, மாட்டுக்குப் பல்லு போயிடும்" என்றார் மேனேஜர். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுயா. உன் சொந்தக்காரர் மெஷினு. எதுனா மாத்தி கீத்தி வெச்சா வேல செய்யுமா? நீ கையெழுத்துப் போட்டேன்னா நான் வாங்கிடறேன்."

வாயைத் திறந்தேன். ஆயுள் முழுவதும் எதற்கும் ஒரு பதில் வைத்திருந்த வாய். காற்றுதான் வந்தது.

"அவர எதுக்கு சார் கேக்குறீங்க?" என்றார் மச்சான். "உருண்டை நசுக்கும் சார், வெட்டாது. நாரு நசுங்குச்சின்னா இப்டித்தான் பாயா படுத்துக்கும். உங்களுக்குக் கத்தி வெச்ச மில்லுதான் வேணும். எங்ககிட்ட அது இல்ல."

டீ வந்தது. ஜாடியைத் துடைத்து மூடிக்கொண்டிருந்த அவர், என் கிளாஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கத்தி இயந்திரம் வந்தது. நாரெல்லாம் ஒழுங்காகச் சல்லடை இறங்குகிறது, கணக்கு ஒத்துப்போகிறது, லோடு திரும்பி வருவதில்லை. மேனேஜர் என் தோளில் தட்டினார். மச்சானுக்கு அந்த மாதத்தோடு வேலை போயிற்று. இப்போது கும்மிடிப்பூண்டியிலேயே ஓர் இரும்பு ஆலையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். கல்யாணத்துக்கு வந்தார். எல்லோருக்கும் முன்னால் வந்து, சேலை, மாலை, தட்டு வரிசை, எதிலும் ஒரு குறை வைக்கவில்லை. மிச்சமிருக்கும் நாலு முடிக்கு நான் மை அடித்துக்கொண்டு, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று முன்னால் போய் நின்றேன். தலையைப் பார்த்தார். "நல்லா இருக்குதுங்க" என்றார். மனைவிக்கு நிம்மதி. எனக்கு அந்த மண்டபத்தில் அதைவிடப் பெரிய அடி இல்லை. அவரே பேசியிராவிட்டால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். நல்ல பதிலாக ஒன்று கிடைக்கும்போதெல்லாம், இது இப்போது தோன்றுகிற பதில் என்று எனக்கே தெரிந்துவிடுகிறது.

போன வாரம் அவர் தன் மகனின் நிச்சயதார்த்தத்துக்குச் சொல்ல என் கூடத்துக்கே வந்திருந்தார். வெற்றிலைபாக்குத் தட்டை நீட்டி, முறைப்படி அழைத்தார். மேசைமேல் அப்போதுதான் வந்த டீ. அவருக்கும் சொல்லியனுப்பலாமா என்று நான் தடுமாறுவதற்குள் அவர் கை என் கிளாஸை நோக்கிப் போயிற்று. குடியுங்கள் மச்சான், முழுசாகவே குடியுங்கள் என்று உள்ளே ஒருவன் குதித்தான். கிளாஸைத் தூக்கினார். அடியிலிருந்த வில்லையைப் பார்த்தார். விரலால் அதன் விளிம்பை ஒருமுறை தொட்டார். பிறகு கிளாஸை, ஒரு சொட்டுச் சிந்தாமல், அதன் நடுவில் திரும்ப வைத்தார்.

"குடிங்க," என்றார், "ஆறிடப்போவுது."