கருப்பு பூசிய படம்

அந்தக் கேலரி முதலாளியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சென்னையில் அவரிடம்தான் அப்போது வேலை பார்த்தேன்.

கண்காட்சிக்காக அச்சடித்த புத்தகத்தைக் கொடுக்க, நெய்வேலிக்குப் பக்கத்தில் வடக்குத்து என்ற ஊரில் இருந்த ஓர் ஓவியரின் வீட்டுக்குப் போனேன். நெட்டையான மனிதர். சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. காலை ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தார். நிலக்கரித் தூளை முந்திரிப் பிசினில் குழைத்துச் சுரங்கத்தை வரைவார். எந்த நிறத்தைப் பார்த்தாலும் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பது அவர் வழக்கம்.

தன் படம் இருந்த பக்கத்தையும் தேய்த்தார்.

"யாருங்க இத கருப்பாக்குனது?"

முதலாளிதான் ஆள் வைத்து, அசல் ஓவியத்தின் மேலேயே கருப்பு பூசியிருந்தார். கரி கருப்பாக இருந்தால்தான் வாங்குகிறவர்கள் நம்புவார்களாம். சொன்னேன்.

"எங் கையெழுத்த மட்டும் வுட்டுட்டாரா?"

"ஆமாங்க."

உள்ளே போய் ஒரு நிலக்கரிக் கட்டியோடு வந்தார். அதை நொறுக்கி, என் வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் கட்டைவிரலை அழுத்தி இழுத்தார். பழுப்பாக ஒரு கோடு விழுந்தது.

"தெனம் இதுலதான் நின்னுகினு இருக்கேன். எனக்குத் தெரியாத நெறமா? அவருகிட்ட இத காட்டுங்க. எம் பேரையும் அழிச்சிடச் சொல்லுங்க." குரல் உயரவே இல்லை.

பஸ்ஸில் வழி முழுக்க முதலாளியை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். ஒரு நாளாவது சுரங்கத்தை எட்டிப் பார்த்திருப்பானா அவன்? நேரே அவன் முன்னால் போய் நிற்கப்போகிறேன் என்று கறுவினேன்.

கேலரித் தெருமுனையில், பையிலிருந்த வேறு சட்டையை மாற்றிக்கொண்டுதான் உள்ளே போனேன்.