சுடாத கை

நேற்று டீ வடிக்கும்போது நான் கரித்துணியைத் தேடிக்கொண்டு நின்றதைப் பார்த்து நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். "அப்பாவுக்கு எதத் தொட்டாலும் துணி வேணும்" என்று சின்னவள் கேலி செய்தாள். ஒரு காலத்தில் துணியே வேண்டாத கை, கண்ணுகளா, இது.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால் பாடாலூரில் ரோட்டோர டீக்கடை ஒன்றில் நான் மாஸ்டர். பால் கொதிக்கும் வாசனை வந்தால் எனக்கு இன்றும் கூடவே லாரி டீசலும் மணக்கும். முதலாளி லப்பைக்குடிக்காடு ஊர்க்காரர்; பாய் என்றுதான் கூப்பிடுவோம். கொதிக்கிற பால் சட்டியை வெறும் கையால் இறக்குவேன். "இரும்புக் கைடா ஒனக்கு!" என்று டிரைவர்கள் மெச்சுவார்கள். நாலு பேர் பார்க்கிற நேரமாகப் பார்த்துத்தான் இறக்குவேன். வேறு என்ன பெருமை இருந்தது எனக்கு, படிப்பா?

முழங்கைக்குக் கீழே வெளுத்த திட்டு ஒன்று இருந்தது. வலிக்காது, அரிக்காது. தேமல் என்று விட்டுவிட்டேன். டீ குடிக்க வந்த நர்ஸம்மா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார்.

"கண்ண மூடுங்க தம்பி. நான் தொடுற எடத்தக் காட்டுங்க."

மூடிக்கொண்டு நின்றேன். "எப்பங்க தொடுவீங்க?" என்றேன். கடையே சிரித்தது. பேனா முனையால் தொட்டுக்கொண்டிருந்த அவர் மட்டும் சிரிக்கவில்லை.

தொழுநோய். பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னார்கள். விரல்கள் மரத்துப்போனதைத்தான் நாங்கள் இரும்பு என்று கொண்டாடியிருக்கிறோம். மாத்திரை தொடங்கிவிட்டால் பிறருக்குப் பரவாது, விடாமல் சாப்பிட்டால் குணமாகும் என்றார்கள். ஆனால் எங்கள் பக்கம் அதற்குப் பெயர் பெருவியாதி. அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். "தேமல்னே சொல்லு சாமி. தங்கச்சிக்கு வரன் வராது" என்று அம்மா அழுதாள். ஆனாலும் சேதி எப்படியோ கடைவரை வந்துவிட்டது. என்னை மெச்சிய டிரைவரே கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். நான் யாரிடமும் சொல்லாமல் வேலையை விட்டு நின்றுவிட்டேன்.

சில நாள் கழித்து, மாத்திரை வாங்கி வரும் வழியில் கடைக்கு எதிரே நின்றேன். பாயே டீ ஆற்றிக்கொண்டிருந்தார், பாதி தரையில்.

"என்னா வேடிக்க? பால் பொங்குது, உள்ள வா."

"நான் போட்டா யாரு பாய் குடிப்பாங்க?"

"நான் குடிப்பேன். நான் போடுறத என்னாலயே குடிக்க முடியலடா."

ஒரு புதுத் துணியை நீட்டினார். நர்ஸம்மாவிடம் போய்க் கேட்டு வந்திருக்கிறார். சூடு தெரியாமல் வெந்து, புண்ணாகி, அப்படித்தான் விரல் போகுமாம்.

"துணி இல்லாம சட்டியத் தொட்டே, வெரல நானே ஒடிச்சிடுவேன்!"

சிலர் வரவே இல்லை. பாய் தினமும் முதல் கிளாஸை ரோட்டைப் பார்த்து உட்கார்ந்து உறிஞ்சுவார். அந்தச் சத்தத்துக்கே பாதிப் பேர் திரும்பி வந்தார்கள்.

மாத்திரைகள் முடியும் சமயம், ஒருநாள் துணி நழுவிக் கை சட்டியில் பட்டது.

"ஆத்தாடி, சுடுது!"

பாய் கல்லாவை விட்டு எழுந்து ரோட்டுக்கே ஓடினார். "சுடுதாம்யா! பயலுக்குச் சுடுதாம்!"

சுண்டுவிரலுக்கு மட்டும் உணர்ச்சி திரும்பவேயில்லை. துணி அதற்காகத்தான். நாலுவழிச் சாலை வந்தபோது கடை போயிற்று. பிறகு பாயும் போய்விட்டார். இப்போதும் அடுப்பில் கை சுட்டுக்கொண்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. "சுடுது பாய்" என்று சொல்லத்தான் ஆள் தேடுகிறேன்.